வாய் மதுரையில், படம் சென்னையில்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், மதுரையில் உட்கார்ந்துகொண்டு சென்னையில் ஓடும் படத்துக்கு டப்பிங் பேசுவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. முக்கால்வாசிக் கேள்விகள் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: இரண்டு ஊர், இரண்டு ஸ்டூடியோ, நடுவில் ஒரு ஃபோன் லைன், குரலும் உதடும் எப்படி ஒட்டும்? இந்த மாதம் முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணே, நான் திருமங்கலம். ஏழு வருடமாக டப்பிங் பேசுகிறேன். போன மாதம் மதுரையில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து லைனில் சென்னைக்குப் பேசினேன். என் முன்னால் ஓடிய படத்தில் உதடு அசையும்போது சரியாகத்தான் பேசினேன், கூட இருந்த இன்ஜினியரும் சரி என்றார். ஆனால் அங்கே இருந்த டைரக்டர் ஒவ்வொரு டேக்குக்கும் "லேட்டா வருதும்மா, லேட்டா வருது" என்றார். கடைசியில் அவருக்காக முந்திப் பேசிக் கொடுத்துவிட்டு வந்தேன். தப்பு யார் மேல்?

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை, தங்கை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அந்த வருத்தம் தெரிகிறது. டைரக்டர் சொன்னதும் பொய்யில்லை. அவருக்கு நிஜமாகவே லேட்டாகத்தான் கேட்டது. நீங்களும் சரி, அவரும் சரி, இடையில் இருந்த கணக்கை யாரும் போடவில்லை, அவ்வளவுதான்.

இதே கூத்து எனக்கும் நடந்திருக்கிறது. எங்கள் ஸ்டூடியோவுக்கு ஐஎஸ்டிஎன் லைன் (அது என்னவென்று அடுத்த பதிலில் சொல்கிறேன்) வந்த புதிது. கிராமத்துப் பெரியவர் வேடத்துக்கு மதுரைப் பேச்சு வேண்டும் என்று கேட்டார்கள், நான் ஸ்பெஷல் நாடகத்தில் நாற்பது வருடம் நின்ற ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மைக்கைப் பார்த்து மிரளாத மனுஷன், நோட்டு வைக்கும் ஸ்டாண்டின் ஓரத்தில் இடது கை விரலால் தட்டிக்கொண்டே பேசுவார், அந்தத் தட்டுத்தான் அவருடைய தாளம், உதடு மூடும் இடத்தில் தட்டு நிற்கும், வார்த்தையும் நிற்கும். இரண்டாவது லூப்பிலேயே, அதாவது திரும்பத் திரும்ப ஓட்டிப் பேசும் இரண்டாவது சின்னத் துண்டிலேயே, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லைனில் சென்னை சொன்னது: "வாய் மூடினப்புறம் குரல் வருதே". மறுபடி எடுத்தோம். மறுபடி அதே பதில். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது, பதினொன்றரை ஆகிவிட்டது. நான் செய்த தப்பு என்னவென்றால், "ஐயா, கொஞ்சம் முந்திப் பேசுங்க" என்று அவரிடம் சொன்னேன். பேசினார். ஆனால் விரல் தட்டுவது நின்றுபோனது. உதட்டைப் பார்த்துப் பேசுகிறவரை, உதடு அசைவதற்கு முன்னால் பேசச் சொன்னால் அவர் எதைப் பார்த்துப் பேசுவார்? வசனம் வந்தது, உயிர் போய்விட்டது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். சென்னையில் படம் ஓடுகிறது. அதோடு டைம்கோடும் ஓடுகிறது, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மணி, நிமிடம், விநாடி, ஃப்ரேம் என்று ஒட்டிய முகவரி. அந்த டைம்கோடு லைன் வழியாக மதுரைக்கு வருகிறது, இங்கே இருக்கும் படத்தின் நகல் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. வருவதற்கே கொஞ்சம் நேரம் ஆகிறது, அதனால் மதுரைப் படம் சென்னைப் படத்துக்கு ஒரு நடை பின்னால்தான் ஓடும். அதைப் பார்த்து நீங்கள் கச்சிதமாகப் பேசுகிறீர்கள். உங்கள் குரல் லைனில் ஏறி சென்னைக்குப் போக மறுபடி நேரம் ஆகிறது. ஆக, டைரக்டர் காதுக்குப் போகவர இரண்டு நடைத் தாமதமும் சேர்ந்து விழுகிறது. உங்கள் அறையில் பார்த்தால் பூஜ்யம், அவர் அறையில் பார்த்தால் இரண்டு மடங்கு.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது ஒரு பீப். சென்னை இன்ஜினியர் ஒரு பீப் சத்தத்தை லைனில் அனுப்பி, அதையே தன் பக்கம் ஒரு ட்ராக்கில் பதிவு செய்தார். நான் இங்கே ஹெட்போனைக் கழற்றி மைக்கின் மேல் கவிழ்த்து வைத்தேன். ஹெட்போனில் வந்த பீப் மைக்கில் நுழைந்து திரும்பச் சென்னைக்குப் போனது, அவர் அதை இரண்டாவது ட்ராக்கில் பிடித்தார். இரண்டு பீப்புக்கும் நடுவே இருந்த இடைவெளி 320 மில்லி விநாடி. நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தது விநாடிக்கு 25 ஃப்ரேம் வீடியோ நகல், ஒரு ஃப்ரேம் 40 மில்லி விநாடி, ஆக மொத்தம் 8 ஃப்ரேம். அவர் தன் பக்கம் டைரக்டர் பார்க்கும் படத்தை மட்டும், லைனில் அனுப்பும் டைம்கோடுக்கு 8 ஃப்ரேம் பின்னால் ஓடும்படி வைத்தார். அவ்வளவுதான். அடுத்த டேக்கில் பெரியவர் விரல் தட்டிப் பேசினார், சென்னையில் கைதட்டினார்கள், அந்தக் கைதட்டலும் எங்களுக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் கேட்டது.

அதனால் அடுத்த தடவை உட்காரும் முன் அங்கே இருப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "போகவர எவ்வளவு தாமதம் என்று அளந்தாச்சா, உங்கள் படத்தைத் தள்ளி வைத்தாச்சா?" அளக்கவில்லை என்றால் அளந்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. அவருக்காக முந்திப் பேசவே பேசாதீர்கள். முந்திப் பேசிய டேக் எவ்வளவு முந்தியது என்று உங்களுக்கே தெரியாது, ஒரு வரியில் 5 ஃப்ரேம், அடுத்த வரியில் 9 ஃப்ரேம் என்று இருக்கும். சரியாகப் பேசி மொத்தமாகத் தள்ளி விழுந்த டேக்கை ஒரே இழுப்பில் சரி செய்யலாம். முந்திப் பேசியதை வார்த்தை வார்த்தையாக வெட்டித்தான் ஒட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஹெட்போனில் உங்கள் குரல் மதுரை மிக்சரிலிருந்துதான் வர வேண்டும், சென்னை போய்த் திரும்பி வரக் கூடாது. சொந்தக் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால் யாருக்கும் நாக்குக் குழறும், 200 மில்லி விநாடி அளவில் இருந்தால் ரொம்ப மோசம், சாதாரண வாக்கியமே திக்கும். சென்னையிலிருந்து உங்களுக்கு வருவது அங்கே இருப்பவர்களின் பேச்சு மட்டுமாக இருக்கட்டும், உங்கள் குரலைக் கழித்துவிட்டு. அதைத்தான் மிக்ஸ் மைனஸ் என்பார்கள். பைலட் ட்ராக்கையும், அதாவது படப்பிடிப்பில் எடுத்த வழிகாட்டி ஒலியையும், படத்தோடு இங்கேயே ஓட்டுங்கள், லைனில் வாங்காதீர்கள்.

கடைசியாக, லைனில் போவது டைரக்டர் கேட்டு ஓகே சொல்வதற்கு என்று வைத்துக்கொண்டு, உண்மையான பதிவை மதுரையிலேயே டைம்கோடோடு எடுத்து, வேலை முடிந்ததும் வேவ் ஃபைலாக அனுப்பிவிடுவது நல்லது. டைம்கோடு ஒட்டிய ஃபைலை அங்கே விரித்தால் அதன் இடத்தில் தானாக உட்காரும், லைன் தாமதம் அதைத் தொடவே தொடாது. இப்போதெல்லாம் இதற்குச் செலவும் கிடையாது.

கேள்வி: நீங்கள் ஐஎஸ்டிஎன் ஐஎஸ்டிஎன் என்று எழுதுகிறீர்கள், அது என்ன? வீட்டு ஃபோன் லைன் மாதிரியா, பிராட்பேண்ட் மாதிரியா? (உசிலம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: இரண்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். பார்த்தால் அதே செப்புக் கம்பி, சுவரில் ஒரு சின்னப் பெட்டி. ஆனால் கம்பிக்குள் போவது எண்களாக மாற்றிய குரல். பழைய வீட்டு ஃபோனில் குரல் எக்ஸ்சேஞ்ச் வரை அலையாகவே போகும், அதுவும் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான், அதனால்தான் ஃபோனில் "ச"வும் "ஃப"வும் ஒன்று மாதிரி கேட்கும். ஐஎஸ்டிஎன் லைன் ஒன்றில் இரண்டு பாதை உண்டு, ஒவ்வொன்றும் விநாடிக்கு 64 கிலோபிட். அந்த 64 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுவது ஃபோன் உலகின் பழைய வழக்கம், 8,000 பெருக்கல் 8. இரண்டு பாதையையும் சேர்த்துக் கட்டினால் 128. அதற்கு இரண்டு ஃபோன் கால் போட்ட கணக்கில் பில் வரும், அதை நினைத்தே சீக்கிரம் சீக்கிரம் என்று வேலை பார்த்திருக்கிறோம்.

ஸ்டூடியோ தரத்தில் ஒரு மைக்கின் ஒலி, விநாடிக்கு 48,000 அளவு, ஒவ்வொன்றும் 16 பிட் என்றால் 768 கிலோபிட் ஆகும். அதை 128-க்குள் அடைக்க வேண்டும், ஆறில் ஒரு பங்கு. அதைச் செய்யும் பெட்டிதான் கோடெக். இரண்டு ஊரிலும் ஒரே வகை கோடெக் பேச வேண்டும், இல்லாவிட்டால் லைன் கிடைக்கும், சத்தம் கிடைக்காது.

தாமதம் பிறப்பதும் இந்தப் பெட்டியில்தான், தூரத்தில் இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்குச் சாலை வழி சுமார் 460 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், அப்படியானால் 2.3 மில்லி விநாடிதான். மேலே சொன்ன 320-இல் தூரத்தின் பங்கு போகவர 5 கூட இல்லை. மீதியெல்லாம் எங்கே என்றால், எம்பெக் வகைக் கோடெக் 1,152 அளவுகளைச் சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டிய பிறகுதான் அனுப்பும். அந்த ஒரு மூட்டை சேரவே 24 மில்லி விநாடி ஆகிறது, அப்புறம் அலசல், அமுக்கல், அனுப்பல், மறுமுனையில் அவிழ்த்தல் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம். ஆப்ட்-எக்ஸ் மாதிரி வேறு வகை உண்டு, அது மூட்டை கட்டிக் காத்திருக்காது, சில மில்லி விநாடியில் முடித்துவிடும். ஆனால் அதே 128-இல் 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கொடுக்கும். பேச்சுக்கு அது தாராளம்.

இந்த லைனை நான் இன்றும் மரியாதையோடு நினைப்பதற்குக் காரணம் வேகம் இல்லை. 128 கிலோபிட் என்றால் உன் கையில் இருக்கும் ஃபோன் சிரிக்கும், தம்பி. காரணம், டயல் செய்து லைன் பிடித்துவிட்டால் அந்தப் பாதை வைக்கும் வரை உனக்கு மட்டும்தான். தாமதம் 320 என்றால் காலையிலும் 320, வேலை முடிக்கும்போதும் 320. இரண்டு பக்கமும் எக்ஸ்சேஞ்ச் தரும் ஒரே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். இன்டர்நெட் அப்படி இல்லை. குரல் துண்டு துண்டாகப் போகிறது, ஒரு துண்டு 20 மில்லி விநாடியில் வரும், அடுத்தது 70-இல் வரும், பக்கத்து வீட்டில் யாராவது படம் பார்க்க ஆரம்பித்தால் இன்னும் மாறும். அதைச் சமன் செய்ய ஒரு பஃபர், அதாவது வந்த துண்டுகளைக் கொஞ்ச நேரம் தேக்கி வைத்து விடும் தொட்டி, வைக்கிறார்கள், அந்தப் பஃபர் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்தால் நாம் அளந்து வைத்த கணக்கு வீணாகிறது. நிலையான தாமதத்தைக் கழித்துவிடலாம், மாறுகிற தாமதத்தைக் கழிக்க முடியாது. நான் இந்தத் தொழிலில் கற்றதில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். அதனால் இன்டர்நெட்டில் ஸ்டூடியோ வேலை செய்யும்போது பஃபரைத் தானியங்கியில் விடாமல், கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரே அளவில் பூட்டி வை.

ஐஎஸ்டிஎன்னிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. இரண்டு பாதையும் வெவ்வேறு வழியாகச் சென்னை போய்ச் சேரலாம், முந்தி வந்ததைப் பெட்டி பிடித்து நிறுத்தி, பிந்தி வந்ததோடு சேர்க்கும். லைன் அறுந்து மறுபடி டயல் செய்தால் வழி மாறலாம், தாமதமும் மாறலாம். ஒவ்வொரு டயலுக்கும் ஒரு பீப். நடுவில் லைன் போனால், "முன்னாடி அளந்ததுதானே" என்று விடக் கூடாது.

கேள்வி: எங்களுக்கு அனுப்பிய படத்தின் நகலில் ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, போகப் போகக் குரல் எங்கேயோ போகிறது. லைன் கோளாறா? (பெத்தானியாபுரம் வாசகர், சின்ன ஸ்டூடியோ வைத்திருப்பவர்)

பதில்: லைன் இல்லை. ஃப்ரேம் கணக்கைப் பாருங்கள். சினிமா விநாடிக்கு 24, நம் ஊர் டிவி 25. 24-இல் எடுத்ததை ஒவ்வொரு ஃப்ரேமாக 25-இல் ஓட்டினால் 1 நிமிடக் காட்சி 57.6 விநாடியில் முடிந்துவிடும். ஒரு நிமிடத்தில் 2.4 விநாடி விலகினால் அதை லைன் தாமதம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், ஆனால் 5 விநாடி லூப்பாகப் பேசும்போது 200 மில்லி விநாடிதான் விலகும், அப்போது லைனைத்தான் திட்டுவோம். நகல் வந்ததும் முதலில் மொத்த நீளத்தை அங்கே கேட்டு இங்கே ஒப்பிடுங்கள். ஒரு ஃபோன் காலில் தெரிந்துவிடும்.

கேள்வி: ஐயா, நான் மேலூர், கல்யாண வீடியோ எடுக்கிறேன். கச்சேரிக்குத் தனி ரெக்கார்டரில் ஒலி எடுத்து, கிளாப் அடித்து வீடியோவோடு சேர்க்கிறேன். முதல் பாட்டில் ஒட்டுகிறது, இரண்டு மணி நேரம் கழித்துக் கடைசிப் பாட்டில் வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். 25 ஃப்ரேம்தான், சரிபார்த்துவிட்டேன்.

பதில்: உங்கள் கேமராவுக்குள் ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்குள் ஒரு கடிகாரம், இரண்டும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு குவார்ட்ஸ் துண்டு இருக்கிறது. ஒன்று பத்து லட்சத்துக்கு 20 வேகமாகவும், இன்னொன்று 20 மெதுவாகவும் ஓடினால், கடையில் வாங்கும் சாமானில் அது சகஜம், சேர்ந்து பத்து லட்சத்துக்கு 40. ஒரு மணி நேரத்தில் 144 மில்லி விநாடி. இரண்டு மணி நேரத்தில் 288, அதாவது 7 ஃப்ரேம். கிளாப் ஆரம்பத்தை மட்டும் கட்டும், ஓட்டத்தைக் கட்டாது.

இரண்டு ஊர் ஸ்டூடியோக்கள் படத்தைத் தனித்தனியாக ஓட்டிவிட்டு "ஒரே நேரத்தில் ஸ்டார்ட் பண்ணினோமே" என்று நம்பும்போது நடப்பதும் இதுதான். அதற்காகத்தான் டைம்கோடு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது, பின்னால் ஓடும் மெஷின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தன் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டே வருகிறது. ஒரு ஃப்ரேமுக்கு 80 பிட், விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 2,000 பிட். ஸ்பீக்கரில் விட்டுக் கேட்டால் கரகரவென்று ஒரு ரீங்காரம், ஒரு காலத்தில் ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் எனக்கு அது காதில் கேட்கும். அது 1,000-க்கும் 2,000 ஹெர்ட்ஸுக்கும் இடையில் துள்ளுகிற ஒலி, டேப்பில் ஒரு ட்ராக்கில் சும்மா பதிவு செய்துவிடலாம். ஆனால் குரலை அமுக்கும் எம்பெக் கோடெக் வழியாக அதை ஒலியாக அனுப்பினால் முனைகள் மழுங்கிப் போகும், மனிதக் காதுக்குத் தேவையில்லை என்று பெட்டி தூக்கிப் போடுவது டைம்கோடுக்குத் தேவைப்படுகிறது. அதனால் கோடெக்கில் தரவுக்கென்று இருக்கும் தனி வழியில்தான் அனுப்புவோம்.

உங்களுக்கு வழி சுலபம். கச்சேரி முடிந்ததும் இன்னொரு கிளாப் அடியுங்கள். முதல் கிளாப்பையும் கடைசிக் கிளாப்பையும் பிடித்து ஒலியை அந்த அளவுக்கு நீட்டுங்கள் அல்லது சுருக்குங்கள், நடுவில் இருப்பது தானாக ஒட்டும். அவசரத்தில் கிளாப் அடிக்க மறந்தால் மிருதங்கத்தின் கடைசி அடியை எடுத்துக்கொள்ளுங்கள், கை தோலில் படுகிற ஃப்ரேம் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதை டிவியில் பார்க்க வேண்டும், ஆனால் வர்ணனை ரேடியோவில்தான் கேட்க வேண்டும். டிவி சத்தத்தை நிறுத்திவிட்டு ரேடியோவை வைத்தால், ரேடியோவில் "கோவிந்தா" என்று கூட்டம் கத்தி முடித்த பிறகுதான் டிவியில் தங்கக் குதிரை தண்ணீரில் இறங்குகிறது. இரண்டும் நேரடி ஒளிபரப்புதானே? (செல்லூர் வாசகி)

பதில்: நேரடிதான், ஆனால் வெவ்வேறு பாதை. படத்தை அமுக்குவது குரலை அமுக்குவதை விட எத்தனையோ மடங்கு வேலை. அப்புறம் அது செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்குகிறது, தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர், போகவர 72,000, ஒளி வேகத்திலேயே 240 மில்லி விநாடி. வீட்டுப் பெட்டி அவிழ்ப்பதற்கு இன்னும் நேரம். எல்லாம் சேர்ந்து விநாடிக் கணக்கில் போய்விடுகிறது. ரேடியோ வர்ணனை குறுக்கு வழியில் வந்துவிடுகிறது.

டிவியின் சொந்தச் சத்தம் மட்டும் ஏன் ஒட்டுகிறது என்றால், டிவி அனுப்பும் ஒவ்வொரு படத்துண்டின் மேலும் ஒலித்துண்டின் மேலும் ஒரு நேர முத்திரை குத்தியிருக்கும், ஒரு விநாடியை 90,000 பங்காகப் பிரித்த முத்திரை. வீட்டுப் பெட்டி அதைப் பார்த்து இரண்டையும் ஒரே சமயத்தில் வெளியே விடும். ரேடியோவுக்கும் டிவிக்கும் இடையே அப்படி ஒரு முத்திரை இல்லை.

அப்பத்தாவுக்கு ஏன் அது இத்தனை உறுத்துகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒலி பிந்தினால் நாம் பொறுத்துக்கொள்வோம், முந்தினால் பொறுக்க மாட்டோம். உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 1998-இல் வெளியிட்ட பரிந்துரையில், ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், பிந்தினால் 125 வரை தெரியாது என்று இருக்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை என்றால், ஊரில் எல்லாமே அப்படித்தானே நடக்கிறது? ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். வைகைக் கரையில் நீங்கள் 100 மீட்டர் தள்ளி நின்றால், வேட்டு வெடிக்கும் புகை முதலில் தெரியும், சத்தம் ஏறக்குறைய 0.3 விநாடி கழித்து வரும். பிறந்ததிலிருந்து கண்ணுக்குப் பின்னால்தான் காது வந்திருக்கிறது. காது முந்தினால் அது இயற்கையில் இல்லாத சங்கதி, மனசு ஒப்பாது. ஸ்டூடியோவில் நாங்களும் சந்தேகம் வந்தால் ஒரு ஃப்ரேம் பிந்த வைப்போமே தவிர முந்த விட மாட்டோம்.

அப்பத்தாவிடம் சொல்லுங்கள், ரேடியோ சொல்வதுதான் ஆற்றில் நடக்கும் நேரத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ரேடியோவோடு கும்பிட்டுவிட்டு டிவியில் இன்னொரு தடவை கும்பிடலாம்.

கேள்வி: நான் சோழவந்தான் பக்கம் நாதஸ்வரம் வாசிக்கிறேன். எனக்குச் சேர்ந்து வாசிக்கும் தவில்காரர் சென்னைக்குக் குடிபோய்விட்டார். நல்ல ஃபைபர் லைன் போட்டால் இரண்டு பேரும் அவரவர் ஊரில் இருந்தே சேர்ந்து வாசித்து ரெக்கார்ட் பண்ண முடியுமா?

பதில்: மேடையில் வாசிப்பது போல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசிப்பது சாதாரண லைனில் முடியாது. இதை மழுப்பாமல் சொல்லிவிடுவதுதான் நல்லது, லைனுக்குப் பணம் கட்டிவிட்டு ஏமாறக் கூடாது.

ஒரு பக்கத் தாமதம் 25, 30 மில்லி விநாடியைத் தாண்டினால் சேர்ந்து வாசிப்பது ஆட்டம் காணும். 30 மில்லி விநாடி என்பது பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். ஃபைபரில் ஓடும் நேரம் சொற்பம் என்று மேலே சொன்னேன், ஆனால் பெட்டிகளும் பஃபரும் சேர்ந்தால் சாதாரணமாக அதைத் தாண்டிவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு தட்டு 500 மில்லி விநாடி, அதில் நாலு தவில் சொல் விழுந்தால் ஒரு சொல்லுக்கு 125. தாமதம் 150 என்றால் ஒரு முழுச் சொல்லே தள்ளிப்போகிறது. நீங்கள் அவருக்காகக் காத்திருப்பீர்கள், அவர் உங்களுக்காகக் காத்திருப்பார், கீர்த்தனை இழுத்துக்கொண்டே போய்க் காலப்பிரமாணம் படுத்துவிடும்.

ஒரு வழியில் மட்டும் கேட்டு வாசிக்கலாம். நீங்கள் மதுரைப் பக்கம் வாசியுங்கள், சுருதியும் தாளமும் காதில் வைத்துக்கொண்டு, தவில் உங்கள் காதுக்கு வரவே கூடாது. சென்னையில் அவர் உங்கள் நாதஸ்வரத்தைக் கேட்டு வாசிப்பார், இரண்டையும் சென்னையிலேயே பதிவு செய்ய வேண்டும். அவர் காதுக்கு நாதஸ்வரம் எப்போது வந்ததோ அப்போதுதான் அவர் அடித்தார், ஆகவே சென்னைப் பதிவில் இரண்டும் கச்சிதமாக ஒட்டியிருக்கும். 1993-இல் வெளிவந்த ஃபிராங்க் சினாட்ராவின் டூயட் ஆல்பத்திலும், பல பாடகர்கள் வேறு வேறு ஊர்களிலிருந்து எண்ம ஃபோன் லைன் வழியாகத்தான் தங்கள் பங்கைப் பாடிச் சேர்த்தார்கள், சினாட்ராவின் குரல் முன்பே பதிவாகியிருந்தது. ஒருவர் முன்னால் போக இன்னொருவர் பின்னால் போகிற முறைதான்.

ராக ஆலாபனைக்கும் கீர்த்தனைக்கும் இது போதும். மல்லாரிக்குப் போதாது, தவில் முன்னே போய் நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் அதில் நிறைய. தனி வாசித்து முடித்து அவர் தீர்மானம் வைக்கும்போது உங்கள் கண்ணைப் பார்ப்பாரே, அதை எந்த லைனும் கொண்டுவராது. அந்த இரண்டு உருப்படிக்கு மட்டும் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து அவரை ராத்திரி ரயிலில் ஏறச் சொல்லுங்கள், காலையில் மதுரையில் இறங்கினால் பத்து மணிக்கெல்லாம் மைக் முன்னால் உட்கார்ந்துவிடலாம்.